ஓர் அங்குலம் குறைய

போன வருடம் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரு காபிக் கடையில் வாசித்து முடித்துவிட்டு டிரம்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் மூன்றே பேர். ஒரு கிட்டார், ஒரு குரல், அப்புறம் நான். பாடுகிற தோழி தண்ணீர் பாட்டிலோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "டேய், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். இப்படித் தொடங்குகிற பேச்சு எதுவும் எனக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

"இன்னிக்கு நான் என்ன பாடினேன்னு எனக்கே கேக்கல. உன் ஹை-ஹாட் மட்டும்தான் கேட்டுச்சு."

கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து வாசிக்கிறேன். அடக்கி வாசிக்கத் தெரியாதவனா நான்? இரண்டு வாரம் கழித்து, நண்பன் ஒருவனின் படுக்கையறை ஸ்டுடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தோம். ஒரே அறை, எல்லோரும் ஒன்றாக வாசித்தது. வேலை முடிந்ததும் நண்பன் ஹெட்போனை என் தலையில் மாட்டி, "இது எந்த மைக்குன்னு சொல்லு" என்றான். ட்சிக், ட்சிக், ட்சிக் என்று தெளிவாகக் கேட்டது. "ஹை-ஹாட் மைக்" என்றேன். அவன் சிரித்தான். "மச்சி, உன் ஹை-ஹாட்டுக்கு நான் மைக்கே வைக்கல. இது அவளோட மைக்."

அந்த நான்கு பாடல்களும் இன்னும் வெளியாகவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு டிரம்ஸ் இல்லாமல் கஹோன் பெட்டி மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு குழுவில் மெதுவாக எழுந்தது. நான் இல்லாமலேயே பார்த்துக்கொள்ளலாமா என்பதுதான் அதன் பொருள் என்று எனக்குப் புரிந்தது. அன்றிரவு பதினான்கு அங்குல ஹை-ஹாட்டை விற்றுவிட்டுச் சிறியது வாங்குவது என்று முடிவெடுத்தேன். எவ்வளவு சிறியது, ஏன் சிறியது என்று தோண்டப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்து சேர்ந்தது. ஒரு மென்பொருள்காரன் தன் வீட்டுப் பிரச்சினைக்கு மூல காரணம் தேடிக்கொண்டு நானூறு வருடம் பின்னால் போன கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1

டிரம்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஹை-ஹாட் என்பது ஒரு கம்பத்தில் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த மாதிரி நிற்கும் இரண்டு வெண்கலத் தட்டுகள். கீழ்த்தட்டு அசையாது. மேல்தட்டு, இடது கால் மிதியை அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும். மூடியபடி குச்சியால் தட்டினால் ‘டிக்’. திறந்து தட்டினால் ‘ஷ்ஷ்ஷ்’. காலால் மட்டும் மூடினால் ‘ச்சிக்’. இந்த மூன்றையும் கலந்துதான் கடந்த தொண்ணூறு வருடப் பாப், ராக், ஜாஸ், டிஸ்கோ எல்லாம் நேரத்தை எண்ணுகின்றன.

நமக்கு இதில் ஒன்றும் புதுமை இல்லை. கோயில் பஜனையில் கேட்கும் ஜால்ரா இதே வேலையைத்தான் செய்கிறது. என்ன, அங்கே இரண்டு கையும் அதற்கே போய்விடும். ஜால்ரா என்ற சொல்லைத் தமிழர்கள் வேறொரு பொருளிலும் புழங்குகிறோம். எவன் பாடினாலும் கூடவே சத்தம் போடுகிறவன். என் தோழி அந்தச் சொல்லைப் பயன்படுத்தாததற்கு அவளுக்கு நன்றி.

சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா என்று ஒரு தலம். குழந்தை ஞானசம்பந்தர் கையால் தாளம் போட்டுப் பாட, அந்தப் பிஞ்சுக் கை சிவந்துபோவதைக் கண்டு சிவன் பொற்றாளம் ஒன்றைக் கொடுத்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பொன்னைப் பொன்னோடு தட்டினால் நாதம் எழாது. மிருதுவான உலோகம். ஆகவே அம்பாள் வந்து அந்தத் தாளத்துக்கு ஓசை கொடுத்தாள். அதனால் அங்கே அவள் பெயரே ஓசை கொடுத்த நாயகி. கடவுளே கொடுத்தாலும் பொன் ஒலிக்காது என்பதைத் தெரிந்த யாரோ ஓர் உலோகத் தொழிலாளி இந்தக் கதைக்குள் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இந்தக் கதையை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி ஒரு கதை கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கிறது.

2

அவெடிஸ் ஓர் ஆர்மீனியர். இரும்பு, செம்பு வகையறாக்களைப் பொன்னாக்க முயன்ற ரசவாதி. 1618இல் செம்பையும் வெள்ளீயத்தையும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் உருக்கிச் சேர்த்தபோது பொன் வரவில்லை, ஆனால் தட்டினால் உடையாமல் நெடுநேரம் ஒலிக்கும் உலோகம் வந்தது என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. ஒருவருக்கு ஓசையில்லாப் பொன் கிடைத்தது, இன்னொருவருக்குப் பொன்னுக்குப் பதில் ஓசை கிடைத்தது.

அந்தக் காலத்து ஒட்டோமான் படைக்கு அது தேவையாக இருந்தது. ஜானிசரிகள் எனப்படும் சுல்தானின் காலாட்படைக்கு மெஹ்தர் என்ற வாத்தியக் குழு உண்டு. பெரிய பறைகள், ஊதுகுழல்கள், கைத்தாளங்கள் எல்லாம் சேர்ந்து எதிரியின் வயிற்றைக் கலக்குவதுதான் அதன் நோக்கம். சுல்தான் இரண்டாம் ஒஸ்மான் அவெடிஸுக்குப் பொன்னும் ஒரு பெயரும் கொடுத்தார். ‘ஸில்’ என்றால் துருக்கியில் தாளத்தட்டு. அதைச் செய்பவர், அவர் வம்சம் என்ற விகுதிகளும் சேர்ந்து ஸில்ஜியன். 1623ஐ நிறுவன ஆண்டாகக் கொண்ட அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது.

செய்முறை குடும்ப ரகசியம். கலவை என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூற்றுக்கு எண்பது செம்பு, இருபது வெள்ளீயம், கொஞ்சம் வெள்ளி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளீயம் அவ்வளவு கூடினால் வெண்கலம் நன்றாக ஒலிக்கும், ஆனால் குளிர்ந்த நிலையில் அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சூட்டோடு தட்டி, சட்டென்று நீரில் குளிர்வித்துப் பதமாக்க வேண்டும். இந்தப் பதம் துருக்கிக்கு மட்டும் சொந்தமில்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இதைவிட வெள்ளீயம் கூடிய கலவையில், இதே மாதிரி சூட்டில் அடித்து நீரில் தோய்த்துச் செய்யப்பட்டவை என்று உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் எழுதியிருக்கிறார். நம் ஆட்கள் அதைச் சாப்பிடும் கிண்ணமாகவும் செய்தார்கள், அவர்கள் போருக்கு எடுத்துப் போனார்கள்.

அந்தத் தட்டின் முதல் வேலை, திறந்த வெளியில், பல்லாயிரம் பேர் நடுவே, முடிந்தவரை உரக்கக் கேட்பது. முப்பது பேர் காபி குடிக்கிற அறைக்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிப் படையையே கலைத்தார். தட்டு அதற்கு முன்பே ஐரோப்பாவுக்குப் போயிருந்தது. மொசார்ட் 1782இல் துருக்கிக் கதை ஒன்றை ஓபராவாக்கியபோது தாளத்தட்டுகளை மறக்காமல் சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒட்டோமான் நாட்டில் ஆர்மீனியர்களின் நிலை மோசமானது. மூன்றாம் அவெடிஸ் என்ற இளைஞர் பாஸ்டன் பக்கம் போய் மிட்டாய்த் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 1927இல் பெரியவர் ஆராமிடமிருந்து கடிதம் வந்தது: குடும்பத் தொழில் இனி உன் பொறுப்பு. மிட்டாய்க்காரருக்குப் பெரிய விருப்பம் இருக்கவில்லை. ஆனாலும் 1929இல் மாசச்சூசெட்ஸின் குவின்சியில் உலை மூட்டினார். பெருமந்தம் தொடங்கிய அதே வருடம். ஜாஸ் மட்டும் இல்லாதிருந்தால் அவர் மிட்டாய்க்கே திரும்பியிருக்கலாம்.

3

டிரம்ஸ் செட் என்ற ஒன்றே சிக்கன நடவடிக்கையில் பிறந்தது. மூன்று பேர் வாசித்ததை ஒருவரே வாசித்தால் சம்பளம் மிச்சம். 1909இல் வில்லியம் லட்விக் நல்ல மிதிக்கட்டை ஒன்றை உருவாக்கிய பிறகு பெரிய பறை வலது காலுக்குப் போனது. இடது கால் சும்மா இருந்தது. முதலாளிகளுக்கு மட்டுமல்ல, டிரம்மர்களுக்கும் அது உறுத்தியது.

மிசிசிப்பி நதிப் படகுகளில் வாசித்த பேபி டாட்ஸ் ஒரு கதை சொல்லியிருக்கிறார். அவர் இடது காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்ததை லட்விக் பார்த்ததாகவும், அதற்கென்றே ஒரு கருவியைச் செய்துகொண்டு வந்ததாகவும், தனக்கு அது பிடிக்கவே இல்லை என்றும். வேறு பலரும் இதற்கு உரிமை கோரியிருக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடிவது கருவிகளின் வரிசையைத்தான். முதலில் செருப்பு மாதிரி இரண்டு பலகைகளைக் கீலில் இணைத்து, நுனியில் ஆளுக்கொரு சிறு தட்டு. பிறகு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நின்ற ‘லோ-பாய்’. காலால் மட்டுமே வாசிக்கலாம், கை எட்டாது. 1920களின் பிற்பாதியில் யாரோ அந்தக் குழாயை இடுப்பு உயரத்துக்கு நீட்டினார்கள். மாசச்சூசெட்ஸின் வால்பெர்க் அண்ட் ஆஜ் என்ற கம்பெனி பெயர் இதில் அடிக்கடி அடிபடும். உயரமாக்கியதால் ‘ஹை’. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதை அந்தக் காலத்து நடனத்தின் பெயரால் ‘ஷார்ல்ஸ்டன்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

குழாய் நீண்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கால் வைத்திருந்த கருவிக்கு இப்போது கையும் எட்டியது. மென்பொருளில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். ஒரு வேலைக்காகச் செய்த சின்ன மாற்றம், யாரும் கேட்காத இன்னொரு கதவைத் திறந்துவிடும்.

அந்தக் கதவுக்குள் முழுதாக நுழைந்தவர் ஜோ ஜோன்ஸ். கான்சஸ் சிட்டியில் ரெனோ கிளப், 1930களின் நடுவில் கவுண்ட் பேஸியின் இசைக்குழு. அதுவரை தாளத்தின் கனம் பெரிய பறையில் இருந்தது. நான்கு அடி, நான்கு மிதி. ஜோன்ஸ் அந்தக் கனத்தை எடுத்து ஹை-ஹாட்டில் வைத்தார். அதற்கு முன்பும் சிலர் அதைக் குச்சியால் வாசித்ததுண்டு. ஆனால் திறப்பதும் மூடுவதுமாக அதை மூச்சு மாதிரி ஓடவிட்டவர் அவர்தான். பேஸி இரண்டு விரலால் பியானோவைத் தொட்டுவிட்டு விலகினால் அந்த இடைவெளியில் கேட்பது ஜோன்ஸின் ஹை-ஹாட். பெரிய குழு, அத்தனை பித்தளை ஊதல்கள், அதற்குக் கீழே ஒருவர் ஏறக்குறைய கிசுகிசுக்கிறார். மொத்தக் குழுவும் அதில் மிதக்கிறது.

அந்தக் காலத்து ஹை-ஹாட் தட்டுகள் 10, 11, 12 அங்குலம். என் பதினான்கை அவர் பார்த்திருந்தால் எதற்கு இந்தத் தாம்பாளம் என்று கேட்டிருப்பார். சிறிய ஹை-ஹாட் என்பது இன்றைய ஸ்டுடியோக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன். அது பிறந்ததே சிறிதாகத்தான்.

4

அப்படியென்றால் எப்போது வளர்ந்தது?

1940களில் கென்னி கிளார்க்கும் மேக்ஸ் ரோச்சும் தாளத்தை ஹை-ஹாட்டிலிருந்து வலது பக்கப் பெரிய தட்டுக்கு மாற்றினார்கள். ஹை-ஹாட் மீண்டும் காலுக்கு வந்தது. இரண்டாவது, நான்காவது அடியில் ‘ச்சிக்’. கால் மட்டும் போடும் ஓசை குழுவைத் தாண்டிக் கேட்க வேண்டும். தட்டுகள் பதின்மூன்றாயின, பிறகு பதினான்காயின. இத்தனைக்கும் ரோச் தன் முன்னோரை மறக்கவில்லை. பிற்காலத்தில் மேடையில் ஒரு ஹை-ஹாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘மிஸ்டர் ஹை-ஹாட்’ என்ற தனி உருப்படியை ஜோ ஜோன்ஸுக்குக் காணிக்கையாக வாசித்தார்.

அடுத்து வந்தது மின்சாரம். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷியா ஸ்டேடியம். ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் அலறலுக்கு நடுவே பீட்டில்ஸ் வாசித்தார்கள். தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்களின் உடல் அசைவைப் பார்த்துத்தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்தேன் என்று ரிங்கோ பிறகு சொல்லியிருக்கிறார். அதே வருடம் லண்டனில் ஜிம் மார்ஷல் ‘தி ஹூ’ குழுவுக்காக நூறு வாட் ஆம்ப்ளிஃபயர் செய்துகொடுத்தார். கிட்டார்காரன் ஒரு குமிழைத் திருகினால் போதும். டிரம்மருக்குத் திருகக் குமிழ் கிடையாது. அவனுக்கு இருப்பது கனமான குச்சி, பெரிய தட்டு, தோள்பட்டை. லெட் ஸெப்பலினின் ஜான் போனமிடம் பதினைந்து அங்குல ஹை-ஹாட் இருந்தது. மெஹ்தர் குழுவின் பழைய வேலை திரும்பி வந்துவிட்டது.

நான் கல்லூரியில் பழகியது இந்த வம்சாவளியில். திறந்தவெளி மேடை, கலாசார விழா, ஸ்பீக்கர் சுவர், ஹை-ஹாட்டைப் பாதி திறந்துவைத்துக் குச்சியின் தண்டால் விளாசுவது. அங்கே அது சரி. பதினைந்து வருடம் கழித்து அதே மணிக்கட்டை ஒரு காபிக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

5

மேடையில் தட்டு பெரிதாகிக்கொண்டிருந்தபோது ஸ்டுடியோவில் நேரெதிராக ஒன்று நடந்தது.

ஒலிப்பதிவுக்கும் டிரம்ஸுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துவரவில்லை. 1923இல் கிங் ஆலிவரின் குழு இண்டியானாவில் ஜெனட் கம்பெனிக்காகப் பதிவு செய்தபோது மைக்கே கிடையாது. ஒரு பெரிய கொம்புக்குள் ஊத வேண்டும், அது ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். பெரிய பறையை அடித்தால் ஊசி துள்ளிவிடும். குழுவின் டிரம்மர் நமது பேபி டாட்ஸ்தான். அந்தப் பதிவுகளில் அவர் கேட்பது பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டியபடி. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் டிரம்ஸ் மெல்ல மெல்ல உள்ளே வந்தது.

1960களின் கடைசியில் ரிங்கோ தன் டிரம்ஸ் மேல் சமையலறைத் துண்டைப் போட்டு வாசித்தார். எழுபதுகளில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் டேப்பில் தனித்தடம் என்றானது. அப்போதுதான் ஹை-ஹாட் நிஜமான தலைவலியானது. ஸ்னேர் டிரம்முக்கு ஒரு முழம் தள்ளித்தான் அது இருக்கும். ஸ்னேர் மைக்கைத் திறந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது ஹை-ஹாட். ஸ்னேரைப் பளிச்சென்று ஆக்க மேல்சுருதியைக் கூட்டினால் கூடவே ஹை-ஹாட்டும் ஏறும். கம்ப்ரஸர் போட்டால், அடிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய ஒலிகளையெல்லாம் அது தூக்கிக் காட்டும். அங்கேயும் ஹை-ஹாட்.

இதற்கு ஆளுக்கொரு விடை கண்டார்கள். பீட்டர் கேப்ரியல் 1980இல் வெளியான தன் மூன்றாவது ஆல்பத்தில் தாளத்தட்டுகளே கூடாது என்றுவிட்டார். ஃபில் காலின்ஸும் ஜெர்ரி மரோட்டாவும் தட்டு இல்லாமல் வாசித்தார்கள். பழக்க தோஷத்தில் கை போகும் இடமெல்லாம் வெற்றிடம். தட்டு இல்லாததால்தான் பொறியாளர் ஹ்யூ பாட்ஜமால் டிரம்ஸ் ஒலியைத் தாறுமாறாக நசுக்கி, சட்டென்று வெட்டிவிட முடிந்தது. எண்பதுகள் முழுக்கக் கேட்ட அந்த ‘டொப்’ என்ற ஸ்னேர் அங்கிருந்து வந்தது. தட்டு இருந்திருந்தால் அந்த நசுக்கலில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அதே 1980இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 இயந்திரத்தை வெளியிட்டது. அதில் ஹை-ஹாட்டுக்கு உலோகமே இல்லை. ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து, கீழ்ச்சுருதிகளை வடிகட்டி, உடனே அணைத்துவிடுவார்கள். என்னைக் கவர்ந்தது ஒரு சின்னத் தர்க்கம். திறந்த ஹை-ஹாட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹை-ஹாட் வந்தால் முன்னது அறுந்துவிடும். ஜோ ஜோன்ஸின் இடது காலை யாரோ ஓர் எஞ்சினியர் சர்க்யூட்டாக எழுதியிருக்கிறார்.

மூன்றாவது விடை, சிறிய தட்டுக்குத் திரும்புவது. ‘தி போலீஸ்’ குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் பதின்மூன்று அங்குல ஹை-ஹாட் வைத்திருந்தார். மூன்றே பேர் கொண்ட குழு. இடைவெளி நிறைய. அந்த இடைவெளியில் அவருடைய ஹை-ஹாட் ஊசியால் தைப்பது மாதிரி ஓடும். எந்த அடியும் அடுத்த அடிமேல் வழியாது. அந்தப் பாடல்களைப் பள்ளிக் காலத்திலிருந்து கேட்கிறேன். அது தட்டின் அளவாலும் வந்த ஒலி என்று முப்பத்தைந்து வயதில்தான் உறைத்தது.

6

சரி, ஓர் அங்குலத்தில் அப்படி என்ன வந்துவிடும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. வட்டத் தகட்டின் சுருதி, அதன் தடிமனோடு நேராக ஏறும், விட்டத்தின் வர்க்கத்தோடு இறங்கும். தாளத்தட்டு குவிந்திருப்பதால் இது துல்லியமாகப் பொருந்தாது, ஆனாலும் திசை காட்டும். அதே தடிமனில் பதினான்கைப் பதின்மூன்றாக்கினால் சுருதி சுமார் 16 சதவீதம் ஏறும். பதினான்கை ஷட்ஜம் என்று வைத்தால் பதின்மூன்று சதுஸ்ருதி ரிஷபத்தைத் தாண்டிவிடும். பன்னிரண்டு, சுத்த மத்தியமத்துக்கும் சற்று மேலே போய் நிற்கும். ஓர் அங்குலம் சின்ன விஷயமில்லை.

நான் செய்யவிருந்த தவறு இங்கேதான் இருந்தது. சிறியது என்றாலே சத்தம் குறைவு என்று நினைத்து, கைக்குக் கிடைத்த கனமான பன்னிரண்டு அங்குல ஜோடி ஒன்றை வாங்க இருந்தேன். கனமான சிறிய தட்டு கூர்மையாக ஒலிக்கும். மனிதக் காது இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையாகக் கேட்கும். பாடுபவரின் ‘ஸ’, ‘ஷ’ ஓசைகள் அதற்குச் சற்று மேலே குடியிருக்கின்றன. அங்கே போய் விழுகிற தட்டு, டெசிபல் கணக்கில் குறைவாக இருந்தாலும் குரலை அறுக்கும். இன்று பல ஸ்டுடியோ டிரம்மர்கள் எதிர்த்திசையில் போய் மெல்லிய, கரகரப்பான பதினைந்து, பதினாறு அங்குலத் தட்டுகளை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அவை தாழ்ந்த சுருதியில் குரலுக்குக் கீழே தங்கிவிடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நல்ல அறையும் அடக்கமான கையும் இருப்பவர்களுக்கு. பெரிய தட்டு திறந்தால் அடங்க நேரமாகும். முப்பது பேர் அறையில் அந்த வால் எல்லா மைக்குக்குள்ளும் நுழையும்.

இன்னொரு கணக்கு போட்டேன். பதின்மூன்று அங்குலத் தட்டைப் பதினான்கின் அதே சுருதியில் வைக்க வேண்டுமென்றால் தடிமனை சுமார் 14 சதவீதம் குறைக்க வேண்டும். பரப்பும் 14 சதவீதம் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் உலோகம் கால்வாசிக்கு மேல் குறையும். அதாவது அதே சுருதி, கால்வாசி குறைந்த எடை. குச்சியின் மெல்லிய தட்டலுக்கே விழித்துக்கொள்ளும், சீக்கிரம் அடங்கும். எனக்கு வேண்டியது சிறிய தட்டு மட்டுமில்லை, சிறிய மெல்லிய மேல்தட்டு. கீழ்த்தட்டு மட்டும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலால் மூடும்போது ‘ச்சிக்’குக்குப் பதிலாக ‘புஸ்’ என்று காற்றுதான் வரும். இரண்டு தட்டும் ஒரே சமயத்தில் முழுதாகப் பொருந்தினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். இதற்காகத்தான் பைஸ்டி கம்பெனி கீழ்த்தட்டின் விளிம்பை அலையலையாக வளைத்தது. மற்றவர்கள் துளை போட்டார்கள். காசில்லாதவர்களுக்கு ஸ்டாண்டிலேயே ஒரு திருகு உண்டு. அதைத் திருகிக் கீழ்த்தட்டை ஒரு நூல் சாய்த்தால் போதும்.

பழைய பதினான்கை விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, வேறொருவர் பயன்படுத்திய பதின்மூன்று அங்குல ஜோடி ஒன்றை வாங்கினேன். கடைகளில் தனியாகத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஒரு மூத்த டிரம்மர் சொல்லியிருந்தார்: "தம்பி, தட்டுறவன் காதுல கேக்காத. பத்தடி தள்ளி நின்னு இன்னொருத்தர தட்டச் சொல்லிக் கேளு. கூட யாராச்சும் பேசிட்டு இருக்கணும். பேச்சு புரியுதான்னு பாரு." இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

7

புதுத் தட்டோடு அதே படுக்கையறை ஸ்டுடியோவுக்குப் போனோம். முதல் டேக் முடிந்ததும் குரல் மைக்கை மட்டும் கேட்டோம். ஹை-ஹாட் குறைந்திருந்தது. ஆனால் இருந்தது. நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. தோழியும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததுதான் சங்கடமாக இருந்தது.

தட்டு செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. மீதி என் கணக்கு. குச்சியின் தண்டால் தட்டின் விளிம்பில் அடிப்பதை நிறுத்தி, நுனியால் மேற்பரப்பில் தட்டினேன். மெல்லிய குச்சிக்கு மாறினேன். கால் அழுத்தத்தைத் தளர்த்தாமல் வைத்தேன். அரைகுறையாகத் திறந்திருக்கும் தட்டுதான் அதிகம் இரையும், அதை நான் பத்து வருடமாகக் கவனித்ததே இல்லை. பாடகியின் மைக் எந்தத் திசையைக் கேட்காதோ அந்தத் திசையில் ஹை-ஹாட் வரும்படி நண்பன் அவளைத் திருப்பி நிற்கவைத்தான். ஜோ ஜோன்ஸிடம் இருந்தது சிறிய தட்டு மட்டுமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அத்தனை ஊதல்களுக்கு நடுவே அவர் கிசுகிசுத்தது, மற்றவர்கள் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. அவர் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது டேக்கில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால், ஹெட்போனில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, உள்ளிழுப்பது மாதிரி. கேபிள் பிரச்சினை என்று நினைத்தேன். அடுத்த வரிக்கு முன்னாலும் வந்தது. அவள் மூச்சு வாங்குகிறாள். ஒன்பது வருடமாக இவளோடு வாசிக்கிறேன், இவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. அதன்பிறகு அந்த இடங்களில் ஹை-ஹாட்டை மூடிவைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது.

அந்த டேக்கைத்தான் வைத்துக்கொண்டோம். அடுத்த மாதம் அதே காபிக் கடையில் நிகழ்ச்சி இருக்கிறது. கஹோன் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.